பழஞ்சாந்துப் பகுப்பாய்வும் மரபுக் கட்டடப் பாதுகாப்பும்: தென்சென்னைப் புறநகரை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பழைய கட்டடங்களைச் செப்பனிடுவதற்கு முன் அவற்றின் சாந்தைப் பகுத்தாய்வது இன்று ஏற்கப்பட்ட நடைமுறை. ஆயினும் பெரும்பாலும் அமிலக் கரைப்பு முறை தரும் ஒற்றை விகிதமே பகுப்பாய்வின் முடிவாகக் கொள்ளப்படுகிறது. கிளிஞ்சல் சுண்ணாம்பு வழக்கிலிருந்த சென்னைக் கடற்கரைப் பகுதியில் அவ்விகிதம் எவ்வாறு பிழைபடும் என்பதையும், நுண்ணோக்கி ஆய்வு அதனை எவ்வாறு திருத்தும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சுண்ணாம்புச் சாந்து, கிளிஞ்சல், அமிலக் கரைப்பு, சார்னோகைட், தாம்பரம், பரங்கிமலை

முன்னுரை

பரங்கிமலை உச்சியில் போர்த்துக்கீசியர் 1523இல் எழுப்பிய மாதா ஆலயமும், 1937இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கட்டடங்களும் சில கல் தொலைவுக்குள் அமைந்தவை. இரண்டிற்கும் இடையே நான்கு நூற்றாண்டுகள் உள்ளன. இக்கால இடைவெளியில் சென்னையின் கட்டுமானப் பொருள்கள் பெரிதும் மாறின. கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பும், செங்கற்பொடியாகிய சுர்க்கியும், கடுக்காய் நீரும் வெல்லமும் படிப்படியாகச் சிமெண்டிற்கு இடம்விட்டன. இந்தியாவில் சிமெண்டு உற்பத்தி செய்வதற்கான முதல் முயற்சி 1904இல் சென்னையிலேயே, கடற்கிளிஞ்சலை மூலப்பொருளாகக் கொண்டு நிகழ்ந்தது என்பது இவ்விடத்தில் சுவையான செய்தி. அம்முயற்சி நிலைக்கவில்லை, அதே மூலப்பொருள் சுண்ணாம்பாகத் தன் பழைய பணியைத் தொடர்ந்தது.

சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவரின் இணைப்புகளைச் சிமெண்டுச் சாந்தால் அடைப்பது இன்றும் பரவலாகக் காணப்படும் தவறு. சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது, நுண்துளைகள் மிக்கது. சுவரினுள் ஏறிய ஈரம் அதன் வழியே ஆவியாகும். ஈரத்தோடு வரும் உப்பும் அதிலேயே படியும். சாந்து அரிந்தால் மீண்டும் பூசிக்கொள்ளலாம். அடர்ந்த சிமெண்டு அவ்வழியை அடைத்துவிட்டால் ஈரமும் உப்பும் செங்கல்லின் முகத்திற்குத் திரும்புகின்றன. உப்பு படிகமாகும்போது உண்டாகும் அழுத்தம் செங்கல்லைப் பொருக்குப் பொருக்காக உதிர்க்கிறது. கடற்காற்று வீசும் பகுதியில் இச்சிதைவு விரைவானது. பூசுசாந்தை மாற்றலாம், 1523ஆம் ஆண்டுச் செங்கல்லை மாற்ற இயலாது.

மாதிரி எடுத்தல்

பகுப்பாய்வின் நம்பகம் ஆய்வகத்திற்கு வெளியே, சுவரின் அருகிலேயே தீர்மானமாகிறது. பலமுறை செப்பனிடப்பட்ட கட்டடத்தில் மேற்பரப்பிலிருந்து சுரண்டிய சாந்து, கடைசியாகப் பூசியவரின் சாந்தாகவே இருக்கக்கூடும். மழையில் நனையாத இடத்தில், இணைப்பின் உட்பகுதியிலிருந்து, பொடியாக அன்றிக் கட்டியாக மாதிரியை எடுத்தல் வேண்டும். பொடியான சாந்தில் மென்தகடு சீவ முடியாது. கட்டடத்தின் ஒவ்வொரு கட்டுமானக் கட்டத்திற்கும் தனி மாதிரி தேவை. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாயின் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முன்னனுமதி பெறுதல் கட்டாயம்.

அமிலக் கரைப்பும் கிளிஞ்சல் தரும் மயக்கமும்

சாந்தை நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலத்தில் இட்டால் கால்சியம் கார்பனேட் கரையும், மணல் எஞ்சும். கரைந்தது சுண்ணாம்பு, எஞ்சியது மணல் என்று கொண்டு விகிதம் கணிப்பதே பழைய முறை. எளிது, செலவு குறைவு. ஆனால் கரைந்த கார்பனேட் முழுவதும் பிணைப்பானாகப் பயன்பட்ட சுண்ணாம்பிலிருந்து வந்தது என்ற ஊகம் இதன் அடித்தளம். கடற்கரைச் சாந்தில் அவ்வூகம் எளிதில் பொய்க்கும். சூளையில் சரியாக வேகாத கிளிஞ்சல் துண்டுகளும், கடல்மணலோடு கலந்து வந்த சிப்பிச் சிதைவுகளும் மணலைப் போலவே வெறும் நிரப்புப்பொருளாக இருந்தவை. அமிலத்திற்கு இவ்வேறுபாடு தெரியாது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் காண்போம். 100 கிராம் சாந்தில் 30 கிராம் கரைந்து 70 கிராம் எஞ்சியது எனக் கொள்வோம். 100 பங்கு கார்பனேட் 74 பங்கு நீற்றிய சுண்ணாம்பிலிருந்து உருவாவது. ஆகவே 30 கிராம் கார்பனேட்டிற்கு 22.2 கிராம் சுண்ணாம்பு. எடை விகிதம் ஏறத்தாழ 1:3.2. இனி, கரைந்த 30 கிராமில் 10 கிராம் வேகாத கிளிஞ்சல் என்று நுண்ணோக்கி காட்டுவதாகக் கொள்வோம். சுண்ணாம்பு 14.8 கிராமாகக் குறையும். நிரப்புப்பொருள் 80 கிராமாக உயரும். விகிதம் 1:5.4 ஆகிவிடும். முதல் எண்ணை நம்பிச் சாந்து கலந்தால் சுண்ணாம்பு மிகுந்து, உலரும்போது சுருங்கி வெடிக்கும். பழி சுண்ணாம்பின்மேல் விழும். அடுத்த மதிப்பீட்டில் சிமெண்டு இடம்பெறும். (கொத்தனார் கலப்பது எடையால் அன்று, கொள்ளளவால் என்பதால் இவ்வெண்களை அடர்த்தி கொண்டு மாற்றியே களத்தில் தரவேண்டும்.)

கிளிஞ்சலை அடையாளம் காண எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு ஆய்வும் துணைபுரியும். பல சிப்பிகளின் ஓடு அரகோனைட் என்னும் கனிம வடிவினது. சூளை வெப்பத்தில் அவ்வடிவம் அழிந்துவிடும். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று இறுகும்போது பொதுவாகக் கால்சைட்டாகவே உருவாகும். எனவே பழஞ்சாந்தில் அரகோனைட் தென்பட்டால் சுடப்படாத ஓடு உள்ளது என்று கருதலாம். இதன் மறுதலை பொருந்தாது: ஆளிச் சிப்பியின் ஓடு பெரும்பாலும் கால்சைட்டே. அங்கு மென்தகட்டில் ஓட்டின் அடுக்கமைப்பைக் கண்ணால் காண்பதைத் தவிர வேறு வழியில்லை.

மணலின் சான்று

அமிலத்தில் எஞ்சிய மணலைச் சல்லடையிட்டு எடைபோட்டபின் வீசிவிடுவது வழக்கம். இப்பகுதியைப் பொறுத்தவரை அது இழப்பு. பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகள் சார்னோகைட் பாறையால் ஆனவை. கொல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த டி.எச். ஹாலந்து 1893இல் அப்பாறைக்கு இப்பெயரை இட்டார். ஹைப்பர்ஸ்தீன் கனிமமும் நீலச்சாயல் கொண்ட குவார்ட்ஸும் இதன் அடையாளங்கள். கூர்விளிம்பு கொண்ட ஹைப்பர்ஸ்தீன் மணிகள் மிகுந்திருந்தால் அருகிலுள்ள பாறைச் சிதைவையும், உருண்டு தேய்ந்த மணிகள் ஆற்று மணலையும் சுட்டும். பழைய மணலின் பருமனும் வடிவமும் ஒத்த மணலைத் தேர்வதற்கு இது நேரடியாக உதவும்.

கடுக்காய், வெல்லம், சிமெண்டு

தூய கிளிஞ்சல் சுண்ணாம்பு நீரில் தானாக இறுகாது. சுர்க்கி சேர்ந்தால் இறுகும். செங்கல் துணுக்கைச் சுற்றி உருவான வினைவிளிம்பு மென்தகட்டில் தெரியும். வெப்ப எடையிழப்புப் பகுப்பாய்வில் ஏறத்தாழ 200 முதல் 600 பாகை வரை நீங்கும் நீரும், 600 பாகைக்கு மேல் வெளியேறும் கரியமிலவாயுவும் இதனை அளந்து காட்டும்.

கரிமச் சேர்க்கைகளில் எச்சரிக்கை தேவை. வெல்லத்தின் சர்க்கரை சுண்ணாம்பின் கரைதிறனைக் கூட்டும். கடுக்காயில் துவர்ப்புப் பொருளாகிய டானின் உண்டு. நூற்றாண்டுக்கால மழையும் நுண்ணுயிரும் இவற்றைச் சிதைத்திருக்கும். ஆகவே சோதனையில் கிடைக்கவில்லை என்பது சேர்க்கப்படவில்லை என்பதற்குச் சான்றாகாது. எல்லாப் பழஞ்சாந்திலும் முட்டையும் வெல்லமும் இருந்தன என்று சான்றின்றி எழுதுவதும் ஆய்வாகாது.

1930களின் கட்டடங்களில் சிக்கல் வேறு. அக்காலச் சாந்து சுண்ணாம்பா, சிமெண்டா, இரண்டும் கலந்ததா என்பதைத் தோற்றத்தால் சொல்ல இயலாது. அன்றைய சிமெண்டு பருமனாக அரைக்கப்பட்டது. வினைபுரியாத சிமெண்டு மணிகள் இன்றும் மென்தகட்டில் எஞ்சியிருக்கும். அவை இருப்பின், சுண்ணாம்பையே திரும்பப் பூசவேண்டும் என்ற விதியை அக்கட்டடத்தின்மேல் சுமத்துவது பொருந்தாது.

மாற்றுச் சாந்து

பழைய விகிதத்தை அப்படியே நகலெடுப்பது பகுப்பாய்வின் நோக்கமன்று. சூளையும் கிளிஞ்சலும் மாறிவிட்டன. இன்று வாங்கும் சுண்ணாம்பை ஐ.எஸ். 712 தரநிலையின்படி முதலில் சோதித்தாக வேண்டும். புதுச்சாந்து பழையதைவிட வலிமை குறைந்ததாகவும், ஈரத்தைக் கடத்துவதில் அதற்கு ஈடாகவும் இருத்தல் வேண்டும். இரண்டு மூன்று கலவைகளைச் சுவரின் மறைவான பகுதியில் மாதிரிப் பட்டைகளாகப் பூசி, சில வாரங்கள் ஈரச்சாக்கு போர்த்திப் பதப்படுத்தி, ஒரு வடகிழக்குப் பருவமழை கழிந்தபின் தேர்வு செய்வது தக்கது. எனவே அவ்வேலை கோடையிலேயே தொடங்கப்பட வேண்டும்; ஐப்பசி மழையில் பூசிய சுண்ணாம்பு இறுகுவதற்கு முன்பே கரைந்துவிடும்.