வழிச்செல்லும் வானூர்தியும் வண்டிகளின் உரையாடலும்

அறுகம்பேயிலிருந்து பொத்துவில், அக்கரைப்பற்று வழியாகக் கல்முனைக்குச் செல்வோர் இருவேறு காட்சிகளைக் காண்பர். தெற்கே வயலும் களப்பும் விரிந்த வெளி. வடக்கே கடையும் வீடும் நெருங்கிய நகர். நகரின் தெருமுனையிற் குறுக்கே வரும் வண்டியைச் சாரதி முன்னரே காண்பது அரிது. மணிக்கு 60 கிலோமீற்றர் விரையும் வண்டியோ ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் கடந்துவிடும். ஆதலின் வண்டிகள் தம் இருப்பையும் வேகத்தையும் கம்பியின்றி ஒன்றுக்கொன்று அறிவிக்கும் முறையை அறிஞர் வகுத்தனர். 1999ஆம் ஆண்டில் அமெரிக்கா இதற்கென 5.9 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை ஒதுக்கிற்று.

எனினும் இடர்ப்பாடொன்று உண்டு. அவ்வலையின் நீளம் ஏறக்குறைய 5 சென்றிமீற்றரே. இத்தகைய சிற்றலை கட்டடங்களைச் சுற்றி எளிதில் வளைந்து செல்லாது. சாரதியின் கண்ணை மறைக்கும் மதில் அலையையும் பெரிதும் மறைக்கின்றது.

இதற்குப் பரிகாரம் யாது? உயரமே. 1901ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், மார்க்கோனி நியூபவுண்லாந்திற் பட்டமொன்றினாற் கம்பியை வானில் உயர்த்தி, அத்திலாந்திக்குக்கு அப்பாலிருந்து வந்த குறியைக் கேட்டதாக அறிவித்தார். அப்பட்டத்தின் பணியை இன்று ட்ரோன் எனும் ஆளில்லா வானூர்தி ஆற்றவல்லது. இரு தெருக்களுக்கும் மேலே பறக்கும் அது, ஒரு வண்டியின் செய்தியை வாங்கி மற்றதற்கு வழங்கலாம்.

ஆயின் சிறிய ட்ரோன் மின்கல வலுவால் அரைமணி நேரமளவே பறக்கும். சந்திதோறும் ஒன்றை நிறுத்துதல் எளிதன்று. எனவே நில அளவைக்கோ பொதி சுமக்கவோ பறப்பனவற்றையே, போகிற போக்கில் இதற்கும் பயன்படுத்தலாம் என்பர். தரையில் இதற்கு முன்மாதிரி உண்டு. கருநாடகத்தில் 2003ஆம் ஆண்டளவில் நடைபெற்ற ‘டாக்நெற்’ திட்டத்தில், பஸ் வண்டியிற் பொருத்திய கருவி கிராமங்களின் செய்திகளைச் சேமித்து, இணையத் தொடர்புள்ள ஊரிற் சேர்ப்பித்தது.

இங்கு ஓர் எல்லையை வரையறுத்தல் வேண்டும். முன்வண்டி திடீரெனத் தடை பிடித்ததாயின், அச்செய்தி கணப்பொழுதிற் சேராவிடிற் பயனில்லை. அவ்வேளையில் ட்ரோன் மேலே இருக்குமென்பது உறுதியன்று. அத்தகைய எச்சரிக்கையை வண்டிகள் நேரே பரிமாறுதலே தகும். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் அறுகம்பேப் பாலம் சிதைந்தது. அன்னதொரு வேளையில், “பாலமில்லை, திரும்புக” என்னும் செய்தி சில நிமிடம் தாழ்த்துச் சேரினும் தொலைவில் வருவோரைக் காக்கும். இதுவே வழிச்செல்லும் ட்ரோனுக்கு உரிய பணி.

வழிப்போக்கனிடம் செய்தி சொல்லியனுப்பலாம். வீட்டுக் காவலை ஒப்படைத்தல் ஆகாது. இவ்வேறுபாட்டை உணர்ந்து அமைப்பின், இக்கருவி மக்களுயிர் காக்கும் துணையாகும்.