அக்கா இந்தியர், தம்பி அந்நியர்

ஒரு சின்னக் கணக்கு. இலங்கையிலிருந்து படகேறி வந்து மண்டபம் அகதிகள் முகாமில் இறங்கிய ஒரு குடும்பம். அங்கேயே 1987 மே மாதம் ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. அடுத்த வருடம் ஆகஸ்டில் ஒரு பையன். ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே தகரக் கூரை, ஒரே அரசுப் பள்ளி. இன்று அக்கா சட்டப்படி இந்தியக் குடிமகள். தம்பி வெளிநாட்டவர்.

இந்தக் குடும்பம் உதாரணத்துக்குச் சொன்னது. ஆனால் கணக்கு நிஜம். இந்திய மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்ற விதி 1987 ஜூலை 1-ஆம் தேதியோடு முடிந்துபோனது. அன்று முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு அதுவும் போதாது. ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது. எனவே அந்த அக்கா முகாமிலேயே ஒருவரைக் கட்டிக்கொண்டு 2006-இல் பிள்ளை பெற்றிருந்தால், அந்தப் பிள்ளையின் குடியுரிமையும் கேள்விக்குறிதான்.

இலங்கையில் தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, 2021-இல் தமிழக அரசு சொன்ன கணக்குப்படி, மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். போர் ஓய்ந்தபோதெல்லாம் பலர் திரும்பினார்கள். மிஞ்சியவர்களில் 58,822 பேர் 108 முகாம்களிலும், சுமார் 34,000 பேர் போலீஸில் பதிவு செய்துகொண்டு வெளியிலும் இருப்பதாக அதே கணக்கு சொன்னது. நாற்பது ஆண்டு கடந்துவிட்டது. முகாமில் பிறந்தவர்களே இன்று பேரப்பிள்ளை எடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சலுகை உண்டு, சட்டம் இல்லை

அகதிகளுக்கான 1951-ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. தனி அகதிச் சட்டமும் இங்கே கிடையாது. சட்டத்தின் கண்ணில் முகாம்வாசியும் ஒரு ‘வெளிநாட்டவர்’, அவ்வளவுதான்.

அந்த இடைவெளியை நிரப்பியவை மாநில அரசின் அரசாணைகள். 2021 ஆகஸ்டில் முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தார். பாழடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது அதில் முக்கியம். மாதாந்திரப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாகவும், மற்ற பெரியவர்களுக்கு 1,000 ரூபாயாகவும், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 500 ரூபாயாகவும் உயர்ந்தது. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர்ப்பலகை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது.

நல்ல காரியம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அரசாணை தந்ததை இன்னொரு அரசாணை எடுத்துக்கொள்ள முடியும். பணக்கொடை என்ற சொல்லிலேயே ‘கொடை’ இருக்கிறது. கொடை வாங்குபவர் கணக்கெடுப்பு நாளில் முகாமில் இருந்தாக வேண்டும். பெயின்ட் அடிக்க வெளியூர் போனவர், பதிவிலிருந்து பெயர் போய்விடுமோ என்று பாதி வேலையில் பஸ் ஏறி வந்த கதை முகாம்களில் புதிதல்ல.

‘குடிமகன்’ வேறு, ‘நபர்’ வேறு

அப்படியானால் உரிமை என்று சொல்லிக்கொள்ள இவர்களுக்கு எதுவுமே இல்லையா? இருக்கிறது. அது அரசியலமைப்பின் ஒரு சொல்லில் இருக்கிறது.

பேச்சுரிமை, நாட்டில் எங்கும் குடியிருக்கும் உரிமை ஆகியவற்றைச் சொல்லும் 19-ஆவது பிரிவு ‘குடிமக்கள்’ என்று தொடங்குகிறது. சட்டத்தின் முன் சமத்துவம் பேசும் 14-ஆவது பிரிவும், உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் காவலான 21-ஆவது பிரிவும் ‘எந்த நபருக்கும்’ என்கின்றன. நபர் என்றால் பாஸ்போர்ட் இல்லாதவரும்தான். அருணாசலப் பிரதேசத்தில் அகதிகளாகக் குடியேறிய சக்மா மக்களை விரட்ட முயன்றபோது, 1996-இல் உச்ச நீதிமன்றம் 21-ஆவது பிரிவைக் காட்டித்தான் தடுத்து நிறுத்தியது.

இந்தச் சொல்லிலிருந்து நடைமுறைக்கு வருவோம். சாரத்திலிருந்து விழுந்து கால் உடைந்த பெயின்டர் இழப்பீடு கேட்கக் குடியுரிமைச் சான்று தேவையில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமலே இலவச வழக்கறிஞர் உண்டு. ஆண்களுக்கும் வருமான வரம்புக்குள் இருந்தால் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

இல்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஓட்டு இல்லை. இந்திய பாஸ்போர்ட் இல்லை. ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் ஒரு சென்ட் நிலம் வாங்க முடியாது. பொறியியல் முடித்த பிள்ளைக்கும் அரசு வேலைக் கதவு திறக்காது.

பிறப்புச் சான்றிதழ் ஜெயித்த வழக்கு

1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். அவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். கையில் இருந்த பலமான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ். பிறந்த தேதி 1987 ஜூலைக்கு முந்தியது, பிறந்த இடம் இந்தியா. எனவே இவர் பிறப்பாலேயே இந்தியர், பாஸ்போர்ட் கொடுங்கள் என்று 2022-இல் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். 2024 மக்களவைத் தேர்தலில் அந்தப் பெண் விரலில் மை வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

நீதிமன்றம் அவருக்குப் புதிதாக எதையும் கொடுக்கவில்லை. முப்பத்தாறு வருடமாக அவர் இந்தியர்தான். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

1987 ஜூலை முதல் பிறந்தவர்களின் நிலைமைதான் சிக்கல். ‘சட்டவிரோதக் குடியேறி’ என்று கருதப்படுவதால் அவர்களால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவும் முடியவில்லை. ‘சட்டவிரோதக் குடியேறி’ என்றால் உரிய ஆவணமின்றி இந்தியாவுக்குள் ‘நுழைந்த’ வெளிநாட்டவர் என்கிறது குடியுரிமைச் சட்டம். இங்கேயே பிறந்தவர் எங்கிருந்து நுழைந்தார்? பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்கு வழிவிட்ட 2019-ஆம் ஆண்டுத் திருத்தமும் இலங்கையைச் சேர்க்கவில்லை.

முகாம்களில் மலையகத் தமிழரும் கணிசம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு இங்கிருந்து போனவர்களின் வம்சம். அப்படிப் போன கூலிகளை அன்று தடுத்து வைத்துச் சோதித்து அனுப்பியதும் இதே மண்டபம் முகாம்தான். 1964-இல் இரு நாடுகளும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. ஒப்பந்தப்படி கப்பலேறி வந்தவர் குடிமகன் ஆனார். கலவரத்துக்குப் பயந்து படகேறி வந்தவர் அகதி ஆனார். இப்படி அகதியான மலையகத் தமிழரின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்க வேண்டும் என்று மதுரைக் கிளை 2019-இல் சொன்னது.

2025: ஒரு கதவு பாதி திறந்தது

2025 மே மாதம், இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்ற அமர்வு, எல்லா நாட்டவரையும் ஏற்றுக்கொள்ள இந்தியா தர்மசாலை அல்ல என்றது. நான்கே மாதத்தில், புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் செப்டம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தபோது, மத்திய அரசு ஒரு விலக்கு ஆணை வெளியிட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து தஞ்சமடைந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள், பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லை என்பதற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள்.

பெரிய ஆறுதல்தான். ஆனால் சிறைக்குப் போக வேண்டாம் என்பது ஒன்று, குடிமகன் என்பது வேறொன்று. இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கியவர்கள் இந்தத் தேதிக்குள்ளும் வரவில்லை.

ஊர் திரும்ப நினைப்பவருக்கும் வழி உண்டு. அது விரும்பிப் போவதாக இருக்க வேண்டும். அதை உறுதிசெய்து உதவ ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் சென்னை அலுவலகம் இருக்கிறது. இங்கே பிறந்த பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமை தானாக வந்துவிடாது. சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும். இந்த ஆவண வேலைகளில் கைகொடுக்க, சந்திரஹாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இருக்கிறது. இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் அவர்.

திரும்புவதா, இருப்பதா என்பது அவரவர் முடிவு. இரண்டுக்குமே முதல் தேவை காகிதம். பிறப்புச் சான்றிதழ், முகாம் பதிவு அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், தாய் தகப்பன் கொண்டுவந்த பழைய இலங்கை ஆவணம்: எதையும் தூக்கிப் போடாதீர்கள். மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ் பிளாஸ்டிக் உறைக்குள் கட்டி வைத்திருப்பதுதான் உங்கள் வழக்கின் முதல் சாட்சி.

குடியுரிமையை டெல்லிதான் கொடுக்க முடியும். முகாமில் பிறந்தவர்களை ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற பட்டியலிலிருந்து நீக்கி, விண்ணப்பிக்கவாவது வழிவிடும் ஒரு திருத்தம் வர வேண்டும். அது வரும்போது வரட்டும். அதற்கு முன் இந்த இதழைப் படிக்கிறவர்கள் ஒன்று செய்யலாம். உங்கள் ஊர் முகாமில் 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தவர் யாரையாவது தெரிந்தால், பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். கிடைத்தால் 15100-க்கு ஒரு போன் போதும். அவர் இந்தியராக இருக்கலாம், அவருக்கே தெரியாமல்.