கிளைக்குள் ஒரு காவல்

துபாயிலிருந்து தங்கை மகன் வீடியோவில் அழைத்தான். "மாமா, பவளத்துக்குள்ள ஒரு நண்டு ஒளிஞ்சிருக்கு. புடுங்கி எறிஞ்சிரட்டுமா?"

திருவனந்தபுரம் கரமனையில் பிறந்தவன். விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் காட்சியகத்துக்குக் கூட்டிப்போனால் கண்ணாடியை விட்டு நகரமாட்டான். இங்கே பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடும் யானையோடும் இருக்கின்றன. வீட்டில் வளர்க்க நினைக்கவே கூடாது. அந்த ஆசை துபாய் போய்த்தான் அவனுக்குக் கைகூடியது.

அவன் பயம் நியாயம்தான். மான்கொம்புப் பவளத்தைத் தின்னும் தட்டைப்புழுவிடம் ஏற்கெனவே பட்டிருக்கிறான். பவளத்தின் நிறத்திலேயே ஒட்டிக் கிடக்கும் அதை, வட்ட வட்டமாய் வெளுத்த கடித்தடம்தான் காட்டிக்கொடுக்கும். அயோடின் கரைசலில் முக்கியெடுத்தால் புழு உதிரும்; முட்டை சாகாது. சதை போய் வெறும் எலும்பான அடித்தண்டாகப் பார்த்து ஒட்டிவைத்திருக்கும். அதைச் சுரண்டவேண்டும், பொரிக்கும் நாளைக் கணக்கிட்டு மறுபடி முக்கவேண்டும்.

"நண்டுக்குக் காலெல்லாம் மயிரா இருக்கா?"

"இல்ல மாமா, வழுவழுன்னு மின்னுது. ஜோடியா இருக்கு."

கைகூப்பிவிட்டேன். அது ட்ரபீசியா, காவல் நண்டு. விரல்நகம் அளவுதான். ஆணும் பெண்ணுமாய் ஒரே பவளத்தில் குடித்தனம். பவளம் சுரக்கும் கோழையும் கொழுப்பும் அதற்குச் சோறு. உண்ட வீட்டுக்கு அது செய்வதைக் கேளுங்கள். முட்கிரீட நட்சத்திர மீன் தன் இரைப்பையை வெளியே பிதுக்கிப் பவளத்தின் மேல் போர்த்தி, உயிரோடு செரித்துவிடும். சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய அந்தப் பிராணி கிளையில் ஏறினால், இந்தத் துளி ஜீவன் அதன் குழாய்க்கால்களைக் கடிக்கும், முள்ளை நறுக்கும், உலுக்கித் திருப்பியனுப்பும். படைத்தவன் எந்தப் பள்ளியில் வைத்து இதைச் சொல்லிக்கொடுத்தான்!

பிரெஞ்சு பாலினேசியாவின் மூரியா தீவில் ஆய்வாளர்கள் கிளைப்பவளங்களிலிருந்து இத்தகைய நண்டுகளை எடுத்துப் பார்த்தார்கள். 2006இல் முடிவு வெளியானது. நண்டு போன பவளங்களில் 45 முதல் 80 சதவீதம் வரை ஒரு மாதத்துக்குள் செத்தன. நண்டு இருந்தவை எல்லாம் பிழைத்தன. மேலே படியும் வண்டல் பவளத்தை மூச்சுமுட்டச் செய்யும். அதைத் தள்ளிவிட ஆள் இல்லை.

"என் தொட்டிக்கு நட்சத்திர மீன் எங்க வரப்போகுது மாமா? இதுக்கு இங்க என்ன வேலை?"

நான் பதில் சொல்லவில்லை. அன்றிரவு விளக்கணைத்து, சிவப்பு டார்ச் பிடித்து அவனே எடுத்த படத்தை அனுப்பினான். கிளை நுனியில் விழுந்த ஒரு மணல் துகளை, இரண்டு கொடுக்காலும் பிடித்து நண்டு விளிம்புக்கு நகர்த்திக்கொண்டிருந்தது.