சேற்றில் சுழலும் சில்லு

கொழும்பில் தெமட்டகொடைக்கு அண்மையிலுள்ள பஞ்சிகாவத்தைக்குப் பழைய ஜீப்புக்கோ பிக்கப்புக்கோ பின் அச்சு தேடிப் போகிறவர்கள், "இது லிமிட்டட் ஸ்லிப், சேற்றில் புதையாது" என்ற பேச்சை நம்பிக் கூடுதல் காசு கொடுப்பதுண்டு. அதில் பாதிதான் உண்மை.

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு கூடிய தூரம் ஓட வேண்டும். அதற்காகவே பின் அச்சின் நடுவில் டிபரன்ஷல் இருக்கிறது. அதன் பற்சில்லுகள் இரு பக்கத்தையும் வெவ்வேறு வேகத்தில் ஓட விடுகின்றன. ஆனால் முறுக்கு விசையைச் சமமாகவே பகிர்கின்றன. வில்லங்கம் இங்கேதான். சேற்றில் வழுக்கும் சில்லைச் சுழற்ற மிகச் சிறு விசை போதும். கட்டாந்தரையில் நிற்கும் மற்றச் சில்லுக்கும் அந்தச் சிறு விசையே கிடைக்கும். ஒன்று சுழலும், மற்றது சும்மா நிற்கும்.

லிமிட்டட் ஸ்லிப் இந்த வழுக்கலை ஓரளவு மட்டுமே கட்டுப்படுத்தும். அதிகம் காணப்படும் வகையில் கிளச் தட்டுகள் போன்ற தட்டுகள் உராய்ந்து, ஒரு சில்லு தனியே ஓடுவதைத் தடுக்கின்றன. சாரதி எதையும் இயக்க வேண்டியதில்லை. மழை வீதிக்கும் கிரவல் பாதைக்கும் இது மிக நல்லது. ஆனால் ஒரு சில்லு பள்ளத்தின் மேல் அந்தரத்தில் நின்றால் இதன் உதவி சொற்பமே.

தட்டுகள் தேய்ந்துவிட்டால் அது சாதாரண டிபரன்ஷல்தான். ஆகவே வாங்குமுன் சோதியுங்கள். கழற்றி வைத்த அச்சில், ஷாப்ட் பூட்டும் இடத்தை ஒருவர் அசையாமல் பிடிக்க, மற்றவர் ஒரு பக்கத்தைச் சுழற்றட்டும். இலகுவாகச் சுழன்று மறுபக்கம் எதிர்த்திசையில் ஓடினால் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். நல்ல தட்டுகள் என்றால் சுழற்றக் கைக்குக் கடினமாயிருக்கும். பூட்டிய பின் அதற்கென உள்ள ஒயிலையே விடுங்கள். இன்னொன்று: ஒரு பின் சில்லை மட்டும் ஜக்கில் உயர்த்திவிட்டு எஞ்சினைக் கியரில் ஓட்டிப் பார்க்காதீர்கள். தரையிலுள்ள சில்லு இழுத்து வண்டி ஜக்கிலிருந்து பாய்ந்துவிடும்.

டிப் லொக் வேறு சாமான். அது இரு பக்கத்தையும் ஒரே தண்டுபோலப் பூட்டிவிடும். ஒரு சில்லு அந்தரத்தில் நின்றாலும் மற்றது இழுக்கும். எமது வயல்காரருக்கு இது புதிதல்ல. மசி பேர்கசன் உழவு இயந்திரத்தில் காலால் மிதிக்கும் லொக் இதுவே. பூட்டியிருக்கும்போது வண்டி நேரே போகத்தான் பார்க்கும், திரும்ப மறுக்கும். தார் வீதியில் ரயர் தேயும், அரை அச்சு முறியவும் கூடும்.

புதிய கார்களில் வழுக்கும் சில்லைப் பிரேக்கே தானாகப் பிடித்து ஏறக்குறைய இதே பலனைத் தருகிறது. ஆழச் சேற்றில் அது லொக்குக்கு ஈடாகாது.

உங்கள் வண்டி பெரும்பாலும் வீதியில் ஓடுவதென்றால் லிமிட்டட் ஸ்லிப் போதும். வயலுக்குள்ளும் ஆற்று மணலிலும் இறங்குவதென்றால் லொக் உள்ளதைத் தேடுங்கள். சில்லு சுழன்றுகொண்டிருக்கும்போது லொக்கை மிதித்தால் பற்கள் உடையும்; முதலில் வண்டியை நிறுத்தி, பிறகு பூட்டி, மெதுவாக வெளியே எடுங்கள். வரம்பில் திரும்புமுன் காலை எடுக்க மறக்க வேண்டாம்.