தேவீஸா? இருபத்து மூன்றா?

கணக்கு வராத பிள்ளை என்று ஒரு பிள்ளைக்குப் பெயர் சூட்டிவிடுவது மிக எளிது. அப்பெயரைக் களைவதுதான் அரிது. மூன்றாம் வகுப்பில் ஒட்டிக்கொள்ளும் அச்சொல் பத்தாம் வகுப்பு வரை உடன் வருகிறது. அதன்பின் அந்தப் பிள்ளை எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக்கூடாது என்பதையும் அதுவே தீர்த்துவிடுகிறது. கல்யாணிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பத்துச் சிறார்க்கு விடுமுறை நாள்களில் பாடம் சொல்லித்தரும் நண்பர்கள் நம்மிடையே உளர். அவர்கட்குப் பயன்படக்கூடும் என்றெண்ணியே இதனை எழுதுகிறேன்.

கல்யாணில் வளரும் தமிழ்க் குழந்தைக்கு எண்கள் ஒரே மொழியில் வந்து சேர்வதில்லை. வீட்டில் தாய் ‘இருபத்து மூன்று’ என்கிறாள். ஆங்கிலவழிப் பள்ளியில் அது ‘ட்வென்ட்டி த்ரீ’. காய்கறிக் கடையில் இந்தியில் ‘தேயீஸ்’. மராத்தி வகுப்பில் ‘தேவீஸ்’. மகாராட்டிரப் பள்ளிகள் அனைத்திலும் மராத்தி கற்பிக்கப்பட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டில் சட்டமே இயற்றப்பட்டது. ஆதலால் இந்த நான்காம் பெயரிலிருந்து தப்ப வழியில்லை. தப்ப வேண்டியதும் இல்லை. வாழும் மண்ணின் மொழியன்றோ அது!

இடர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தமிழும் ஆங்கிலமும் இருபதை முன்னே சொல்லி மூன்றைப் பின்னே சொல்கின்றன. நாம் 23 என்று எழுதும் வரிசையும் அதுவே. மராத்தியும் இந்தியும் மூன்றை முன்னே வைத்து இருபதைப் பின்னே வைக்கின்றன. காதில் விழுந்த வரிசையிலேயே எழுதும் குழந்தை 32 என்று எழுதிவிடுகிறது. இதைவிட ஆழமான பள்ளம் இருபத்தொன்பதில் இருக்கிறது. மராத்தியில் அதன் பெயர் ‘ஏகோண்தீஸ்’. முப்பதுக்கு ஒன்று குறைவு என்பது பொருள். ‘தீஸ்’ என்ற ஒலியைப் பற்றிக்கொண்ட குழந்தை 39 என்று எழுதினால் அதில் வியப்பென்ன? தமிழிலும் பள்ளம் இல்லாமல் இல்லை. தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறு ஒளிந்திருக்கிறது. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் ஒளிந்திருக்கிறது. நம் மொழி என்பதற்காக அதை மறைத்துப் பேசுவானேன்?

இது வெறும் கற்பனை இடர் அன்று. 2019ஆம் ஆண்டில் மகாராட்டிரப் பாடநூல் நிறுவனமாகிய பாலபாரதி, இரண்டாம் வகுப்புக் கணக்கு நூலில் ‘தேவீஸ்’ என்பதை ‘வீஸ் தீன்’, அதாவது இருபது மூன்று, என்று சொல்லித்தரும் முறையைச் சேர்த்தது. கணக்குக் குழுவின் தலைவர் கணித அறிஞர் மங்களா நார்லிகர். தென்னாட்டு மொழிகள் நான்கும் எண்களை இப்படித்தான் சொல்கின்றன என்று அவர் எடுத்துக்காட்டினார். ஆனால் எதிர்ப்பு வலுத்தது; சட்டமன்றம் வரை வழக்காடினர். மொழி சிதைகிறது என்றனர் ஒரு சாரார். அவர்கள் கவலையை நான் எள்ளி நகையாட மாட்டேன். எண்ணின் பெயரும் மொழியின் செல்வமே. எனினும், ஏழு வயதுக் குழந்தையின் இடரை ஓர் அறிஞர் குழு காது கொடுத்துக் கேட்டது என்பதை நாம் மறக்கலாகாது. நார்வே நாடு 1951இல் இதே மாற்றத்தைச் செய்தது. அங்கே அதற்குத் தூண்டுதல் பள்ளிக்கூடம் அன்று, தொலைபேசி! பழைய முறையில் பேசுவோர் அந்நாட்டில் இன்றும் உண்டு.

ஆகவே, பாடம் சொல்லத் தொடங்குமுன் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். பத்து எண்களை ஒரு மொழியில் சொல்லி எழுதச் சொல்லுங்கள். மறுநாள் அதே எண்களை வேறொரு மொழியில் சொல்லுங்கள். ஒரு மொழியில் சரியாகவும் மற்றொன்றில் தவறாகவும் எழுதும் பிள்ளைக்குக் கணக்கு வராமல் இல்லை, பெயர்தான் குழப்புகிறது. அதற்கு மருந்து தீக்குச்சிகள். பத்துப் பத்தாகக் கட்டி, இரண்டு கட்டும் மூன்று குச்சியும் முன்னே வைத்து, நான்கு மொழிப் பெயர்களையும் அந்தக் குவியலின்மேல் ஏற்றுங்கள்.

எல்லா மொழியிலும் தவறினால்? அப்போது தவற்றின் உருவத்தைப் பார்க்க வேண்டும். 52இலிருந்து 37ஐக் கழித்து 25 என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். இரண்டில் ஏழு போகாது; ஆகவே ஏழில் இரண்டைக் கழித்துவிட்டார்கள். சிறியதைப் பெரியதிலிருந்து கழி என்று நாம் சொன்னதைத்தான் செய்திருக்கிறார்கள்! சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டால் இது விளங்காது. ‘எப்படிப் போட்டாய், கண்ணு?’ என்று கேட்டால் விளங்கும்.

அதே பிள்ளையைக் கடைக்கு அனுப்பிப் பாருங்கள். 37 ரூபாய்ப் பொருளுக்கு 52 ரூபாய் கொடுத்தால், 37க்கு மேல் மூன்று சேர்த்து 40, பத்து சேர்த்து 50, இன்னும் இரண்டு, ஆக 15 என்று மீதியை எண்ணி வாங்கிவரும். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் கொல்கத்தா, தில்லி சந்தைகளில் வேலை செய்த 1,436 சிறாரை ஆராய்ந்து 2025இல் முடிவு வெளியிட்டனர். விற்பனைக் கணக்கை மனத்தாலேயே போட்ட அச்சிறார், பள்ளிக்கூட வடிவில் தந்த எளிய கழித்தலிலும் வகுத்தலிலும் தடுமாறினர். பள்ளியில் மட்டும் படித்த சிறாரோ சந்தைக் கணக்கில் தடுமாறினர். இரு கரைக்கும் பாலம் தானாக அமைவதில்லை. யாரேனும் கட்ட வேண்டும். கடையில் எண்ணிய வழியை அப்படியே தாளில் எழுதிக் காட்டுவதுதான் அந்தப் பாலம்.

கல்யாண் பிள்ளைக்கு இன்னொரு நல்ல கருவி இருப்புப்பாதை. எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டியில் கல்யாணிலிருந்து தாணே எத்தனையாவது நிறுத்தம்? தாக்குர்லி, டோம்பிவ்லி, கோபர், திவா, மும்ப்ரா, கள்வா, தாணே: ஏழு. எட்டு என்று சொல்லும் பிள்ளை, புறப்பட்ட கல்யாணையும் ஒன்றென எண்ணிவிட்டது. விரல்விட்டுக் கூட்டும்போது ஒன்று குறைந்துபோவதும் பெரும்பாலும் இதனால்தான். பின்னத்துக்கோ பாட்டியின் தமிழே போதும். முக்கால் என்றால் மூன்று கால். மேலே மூன்று, கீழே நான்கு.

வாய்பாடு வேண்டாம் என்போர் கட்சியில் நான் இல்லை. அது மனப்பாடமாகத்தான் வேண்டும். ஆனால் நாளொன்றுக்கு இருபது நிமிடம் போதும்; ஒரு நாளில் ஒரு தவற்றைத்தான் தொடவேண்டும்; அண்ணன் மதிப்பெண்ணை அங்கே பேசக்கூடாது.

இன்னொன்று, நண்பர்களே. நம்மில் எத்தனை பேர் மராத்தி எண்களை நூறு வரை இடறாமல் சொல்வோம்? அடுத்த ஞாயிறு பாடத்தை அங்கே தொடங்கலாம். ஐம்பத்தொன்பதை மராத்தியில் எப்படிச் சொல்வது என்று அந்தத் தம்பியிடமே கேளுங்கள். ‘ஏகோண்சாட்’ என்பான். அதை எழுதிக் காட்டும்படி அவன் உங்களைக் கேட்கட்டும்.