கடைசி இடத்திலிருந்து கோப்பை வரை

பெண்கள் பக்கத்தில் கால்பந்துக்கு என்ன வேலை என்று கேட்டுவிடாதீர்கள் சகோதரிகளே! என் மகள் கல்லூரி அணியில் ஆடுகிறாள். இந்த வருஷம் முதல் நான்கு ஆட்டமும் தோல்வி. ரயிலில் திருவள்ளூர் இறங்கி வீடு வந்து சேர இருட்டிவிடுகிறது. "ஜெயிச்ச பாட்டையும் காணோம், எதுக்கு இந்த அலைச்சல்? நிறுத்திடு" என்றார் அவள் அப்பா. அவளும் பூட்ஸைப் பரண்மேல் தூக்கிப் போட்டுவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. 2015-ல் நடந்ததைச் சொன்னேன். அப்போது அவள் சின்னப் பிள்ளை.

அந்த வருஷ ஐ.எஸ்.எல். போட்டியில் நம்ம சென்னையின் எஃப்.சி. பாதி ஆட்டத்துக்கு மேல் முடிந்தும் புள்ளிப் பட்டியலில் கடைசியில் கிடந்தது. தோனியும் அபிஷேக் பச்சனும் பங்குதாரர்களாக இருந்து என்ன பிரயோஜனம்? கோச் இத்தாலிக்காரர் மெட்டராஸி. (2006 உலகக் கோப்பையில் ஜிடேன் தலையால் முட்டினாரே, அவரைத்தான்!) பிறகு என்ன நடந்ததோ, கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் ஜெயித்து, 22 புள்ளிகளோடு மூன்றாவதாக அரையிறுதிக்குப் போனார்கள்.

அந்த நேரம் பார்த்து டிசம்பர் வெள்ளம். இங்கே எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்டும் இல்லை. சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். அங்கே போய் கொல்கத்தாவை 3-0 என்று ஜெயித்தார்கள். டிசம்பர் 20, கோவாவில் ஃபைனல். 87-வது நிமிஷம் கோவா 2-1 என்று முந்திவிட்டது. அவ்வளவுதான் என்று நினைத்தால், 90-வது நிமிஷம் கோவா கோல்கீப்பர் கையிலேயே பட்டு சேம்சைடு கோல்! அடுத்த இரண்டாவது நிமிஷம் மெண்டோசா அடித்தார். 3-2. கோப்பை நமக்கு.

"அவங்ககிட்ட கோடிக்கணக்குல பணம், வெளிநாட்டு ஆளுங்க. நாங்க எங்கம்மா?" என்றாள் மகள். நியாயம்தானே! அதனால் 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தேசிய சாம்பியன் ஆன நம் தமிழ்நாட்டுப் பெண்கள் அணியைப் பற்றியும் சொன்னேன். பல தடவை பட்டம் வாங்கிய அணி மணிப்பூர். 2023-லும் நம் பெண்கள் ஜெயித்தார்கள். இந்திய அணிக்கு ஆடிய கடலூர்ப் பெண் இந்துமதி, தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். அதைக் கேட்டதும்தான் அவள் அப்பாவும் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

பூட்ஸ் கீழே இறங்கியது. மிச்சமிருந்த மூன்று ஆட்டத்தில் ஒன்று டிரா, இரண்டு வெற்றி. அரையிறுதி கிடைக்கவில்லை, போகட்டும். கடைசி ஆட்டத்தன்று ராத்திரி ஏழரைக்கு ஸ்டேஷனில் வண்டியோடு காத்திருந்தது அவள் அப்பாதான்.

- ஒரு வாசகி, திருப்பாச்சூர்.