கபரகொய்யாவை எப்படிப் படிப்பது?

ஹெவ்லொக் டவுனிலிருந்து தெற்கே, வெள்ளவத்தைப் பக்கமாக நடந்தால் கால்வாய் வந்துவிடும். வெயில் ஏறத் தொடங்கும் காலை நேரத்தில் கரையோரம் பொறுமையாகப் பார்த்தால், ஒரு கபரகொய்யா, அதாவது பெரிய நீர் உடும்பு, உடம்பைத் தட்டையாக விரித்துக் கிடப்பது கண்ணில் படலாம். அதைக் கண்டவர்களில் சிலர் "முதலை, முதலை" என்று கத்துவார்கள். சிலர் கல்லைத் தேடுவார்கள். விலங்கியல் படிக்கும் மாணவி நேரத்தைக் குறித்துக்கொண்டு கொப்பியைத் திறப்பாள்.

அவளுடைய முதல் வேலை ஒரு பட்டியல். வெயில் காய்தல், நடத்தல், நீந்தல், மண் கிண்டல், நாக்கை நீட்டுதல், இரையை விழுங்குதல் என்று அந்த விலங்கு செய்யக்கூடிய ஒவ்வொன்றுக்கும் பெயரும் விளக்கமும் எழுத வேண்டும். இதில் ஒரு கண்டிப்பு உண்டு. "கபரகொய்யாவுக்குக் கோபம் வந்தது" என்று எழுதக் கூடாது. "தொண்டையைப் புடைத்தது, சீறியது, வாலைப் பக்கவாட்டில் வளைத்தது" என்று எழுதலாம். கண்டது வேறு, கண்டதற்கு நாம் சொல்லும் காரணம் வேறு. இரண்டையும் பிரித்து வைக்கப் பழகுவதற்கே பல மாதம் பிடிக்கும்.

அடுத்தது, எதை எப்போது குறிப்பது என்ற கேள்வி. 1974 இல் ஜீன் ஆல்ட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைப் பற்றி எழுதிய கட்டுரை விலங்கு நடத்தை ஆய்வுத் துறையையே மாற்றியது. கண்ணை இழுப்பதை மட்டும் எழுதினால் சண்டையும் துரத்தலும் கொப்பியை நிறைத்துவிடும். தூக்கமும் சும்மா இருத்தலும் காணாமற்போகும். ஆகவே ஒரு விலங்கைத் தேர்ந்து, குறித்த நேரம் முழுவதும் அதை மட்டுமே பின்தொடர வேண்டும். அல்லது குறித்த இடைவெளிக்கு ஒருமுறை கூட்டத்திலுள்ள எல்லாவற்றையும் பார்த்து, அந்தக் கணத்தில் எது என்ன செய்கிறது என்று பதிய வேண்டும். அது சலிப்பான வேலைதான். ஆனால் சலிப்பைப் பொறுத்தால்தான் எண்கள் உண்மை பேசும்.

இப்போது அந்த நாக்கைப் பாருங்கள். கபரகொய்யா நடக்கும்போது பிளவுபட்ட நீண்ட நாக்கை நீட்டி நீட்டி இழுக்கும். காற்றிலும் மண்ணிலுமுள்ள வாசனைத் துகள்கள் நாக்கில் ஒட்டி, வாயின் மேலண்ணத்திலுள்ள, வாசனை அறியும் ஜேக்கப்சன் உறுப்புக்குப் போய்ச் சேருகின்றன. நாக்கு நுனி இரண்டாகப் பிரிந்திருப்பதால் இடப்பக்க வாசனையையும் வலப்பக்க வாசனையையும் ஒப்பிட்டு, இரை எந்தத் திசையில் என்று அறிய முடிகிறது. கால்வாயில் மிதக்கும் செத்த மீனை அது கண்டுபிடிப்பதற்கு இந்த நாக்கு பெரிய துணை.

விலங்கு நடத்தை ஆய்வாளர் நிக்கோ டின்பெர்கன் 1963 இல் எந்த நடத்தைக்கும் நான்கு கேள்விகள் வேண்டும் என்றார். இந்தக் கணத்தில் அதைத் தூண்டியது எது? குஞ்சுப் பருவத்திலிருந்து அது எப்படி வளர்ந்தது? உயிர் பிழைக்க அதனால் என்ன பயன்? முன்னோரிடமிருந்து எந்த வழியில் வந்தது? ஒரு நாக்கு நீட்டலுக்கே நான்கு விடை உண்டு, நான்கும் சரியாக இருக்கலாம். டின்பெர்கனும் கொன்ராட் லோரென்சும் கார்ல் வொன் பிரிஷும் 1973 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். விலங்குகளைக் கூர்ந்து பார்த்ததற்காகக் கிடைத்த பரிசு அது.

பார்த்தலை வாழ்நாள் வேலையாக்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இலங்கையிலேயே சான்று உண்டு. பொலன்னறுவையின் இடிபாடுகளிடையே வாழும் செங்குரங்குகளை ஆய்வாளர் வொல்ப்காங் டிட்டஸ் 1968 இல் ஆராயத் தொடங்கினார். அவரும் குழுவினரும் ஒவ்வொரு குரங்கையும் முகத்தால் அடையாளம் கண்டு, தாய், மகள், பேத்தி என்று தலைமுறை தலைமுறையாகப் பதிவு செய்தார்கள். 1977 இல் அவர் வெளியிட்ட முடிவு மனதை உலுக்கும்: பிறக்கும் ஆண்குரங்குகளில் சுமார் 90 வீதமும் பெண்குரங்குகளில் சுமார் 85 வீதமும் வளர்ந்து ஆளாவதற்கு முன்பே இறந்துவிடுகின்றன. ஏன்? தாயின் அந்தஸ்தே மகளின் அந்தஸ்து. தாழ்ந்த நிலையிலுள்ள குட்டி அத்திப்பழத்தைக் கன்னப் பையில் ஒதுக்கிக்கொண்டு ஓடினால், உயர்ந்த நிலையிலுள்ள குரங்கு அதைப் பிடித்து, வாயைத் திறந்து, உள்ளே இருப்பதை எடுத்துத் தின்னும். சுற்றுலாப் பயணிக்கு அது விளையாட்டு. ஆண்டுக்கணக்காகக் குறிப்பெடுத்தவருக்கு, யார் வாழ்வது யார் சாவது என்று தீர்மானமாகும் இடமே அதுதான்.

நடத்தை தெரியாமல் விலங்கு நலன் பற்றிப் பேசவும் முடியாது. கூண்டிலுள்ள சிங்கமோ கரடியோ ஒரே தடத்தில் முன்னும் பின்னும் ஓயாமல் நடப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஆய்வாளர்கள் ரோஸ் கிளப், ஜோர்ஜியா மேசன் இருவரும் 2003 இல் ஊனுண்ணிகளைப் பற்றிய தரவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். காட்டில் எந்த இனம் பரந்த நிலத்தில் அலைந்து வாழ்கிறதோ, அந்த இனமே கூண்டில் அதிகமாக அப்படி நடந்தது. அதன் குட்டிகளே அதிகமாக இறந்தன. வேளாவேளைக்கு இறைச்சி போடுவது மட்டும் பராமரிப்பு ஆகாது என்பதை இது எண்களால் காட்டியது. உணவை ஒளித்து வைத்துத் தேடவிடுவது போன்ற ஏற்பாடுகள் இத்தகைய அறிவிலிருந்தே வந்தன.

கொழும்பு நகரின் தெருநாய்கள் தரும் பாடமும் இதேதான். நாய்களைக் கொன்றால் அந்த இடம் வெறுமையாக இருப்பதில்லை. உணவும் ஒதுங்க இடமும் இருக்கும்வரை, தடுப்பூசி போடாத புது நாய்கள் வந்து நிரப்பிவிடும். 2007 தொடக்கம் சில ஆண்டுகள் கொழும்பு மாநகர சபையும் புளூ போ டிரஸ்ட் அமைப்பும் நாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, விசர்நாய்க்கடி நோய்க்குத் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டது இதனால்தான்.

இந்த நகருக்குள் இன்னொரு வியப்பும் உண்டு: மீன்பிடிப் பூனை. வீட்டுப் பூனையைவிடப் பெரியது, விரல்களுக்கிடையே ஓரளவு சவ்வு, நீருக்குள் குதித்து மீன் பிடிக்கும் இயல்பு. ஆய்வாளர் அன்யா ரத்நாயக்கவும் குழுவினரும் கொழும்பில் இவற்றுக்கு இடங்காட்டும் கழுத்துப்பட்டி பூட்டி ஆராய்ந்தபோது, சதுப்பு நிலத்தில் மட்டுமல்லாமல் கால்வாய், வடிகான், வீட்டுக் கூரை வழியாகவும் அவை நடமாடுவது தெரியவந்தது. 2018 இல், ஈரநிலங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கொழும்புக்குக் கிடைத்தது. அதைக் காப்பாற்ற வேண்டுமானால், கால்வாய்க் கரையைக் கொங்கிறீற்றால் மூடுமுன் அந்தக் கரைப் புல்லை இரவில் யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்க வேண்டும். உயிர்ப்பல்வகைமை முகாமைத்துவம் என்ற நீண்ட பெயரின் பொருள் இந்தக் கேள்விதான்.

கேளாமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதையும் கண்டோம். 2023 இல் ஒரு இலட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை எழுந்தது. 2025 மார்ச் 15 ஆம் திகதி காலை, அரசின் கணக்கெடுப்புக்காக நாடு முழுவதும் மக்கள் தத்தம் காணியிலுள்ள குரங்கு, மயில், மர அணில்களை ஐந்து நிமிடம் எண்ணினார்கள். பயிரை இழக்கும் விவசாயியின் துயரம் உண்மையானது, அதற்குத் தீர்வு வேண்டும். ஆனால் ஒரு குரங்குக் கூட்டம் ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு காணிகளைக் கடந்துவிடும்; இரு வீட்டாரும் அதையே எண்ணுவார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாகக் குரங்குகளை முகத்தால் அறிந்த ஆய்வு நடக்கும் நாட்டில், அந்த அறிவைத்தான் முதலில் மேசைக்கு அழைத்திருக்க வேண்டும்.

இந்த அறிவைத் தருவது விலங்கியல். ஆனால் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளையுள்ள வீடுகளில், பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி மருத்துவ பீடத்துக்குப் போதாமற்போனால் மரண வீடு போலாகிவிடுகிறது. விலங்கியல் என்று பிள்ளை சொன்னால், "படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்கிறோம். யானை ஊருக்குள் வருகிறது, குரங்கு தென்னையில் ஏறுகிறது, விசர்நாய்க்கடி இன்னும் போகவில்லை. செய்ய இவ்வளவு வேலை கிடக்கிறது. கொழும்பிலும் பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் விலங்கியல் துறைகள் இருக்கின்றன. பிள்ளை விருப்பத்தோடு கேட்டால் அனுப்புங்கள்.